பால் சங்கில் விட்ட தைலம்

ஓடைப்பட்டி,
8.2.1999

மதினி மொக்கம்மாள் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று மேலே எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

இங்கே திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டிக் கவாத்து முடிந்தது. அப்பாவுக்கு மூட்டுவலி. உங்கள் தம்பி மகள் கயல்விழிக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. இவற்றில் உங்களுக்கு வேண்டிய செய்தி கடைசி ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதையே எழுதுகிறேன்.

தேனி டாக்டர் எழுதிய வலிப்பு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கவிழ்ந்து தலையைத் தூக்கிச் சிரித்தவள் இப்போது தூக்குவதில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேறொரு டாக்டரிடம் கேட்போம் என்று போன வாரம் மதுரைக்குக் கொண்டுபோனேன். வயதானவர், அவசரப்படாமல் கேட்டார். "ரெண்டு தடவையும் வலிப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

மார்கழி முதல் வாரத்தில் ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை. இரண்டு தடவையும் குழந்தைக்குச் சளி. இரண்டு தடவையும் "நீ போய்க் குளி, நான் பாத்துக்கிறேன்" என்று நீங்கள் அவளை வாங்கிக்கொண்டீர்கள். திரும்பக் கையில் வாங்கியபோது உங்கள் தைலக்கடை வாசனை அவள்மேல் அடித்தது. உங்கள் வீட்டில் தலையணை உறைக்குக்கூட அந்த வாசனை உண்டு என்பதால் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. "வாசனை மேலயா, வாயிலயா?" என்று டாக்டர் கேட்டார். வாயில் என்று சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே புரிந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எந்தத் தைலம், எத்தனை சொட்டு, குடுத்து எவ்வளவு நேரத்துல வந்துச்சு. இதைக் குடுத்தவங்கதான் சொல்லணும். வாசனையை மட்டும் நம்பி நான் மாத்திரையை நிறுத்த முடியாதும்மா. நிஜமாவே வலிப்பு நோயா இருந்தா நிறுத்துறது ஆபத்து."

"வலிப்புக் குடும்பத்துல பொண்ணெடுத்துட்டோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி என் பெட்டியை வாசலில் வைத்தீர்கள். என் தம்பி சண்முகராஜுக்கு மூன்று வயதில், காய்ச்சலில், ஒரே ஒரு முறை வந்தது. அதை நாங்கள் மறைத்துக் கட்டிக்கொடுத்தோம் என்றீர்கள். அந்த வழக்கை இப்போது பேசவில்லை. டாக்டர் கேட்ட மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஒரு கார்டு போதும்.

யுவராணி

---

கம்பம்,
15.2.99

யுவராணிக்கு மொக்கம்மாள் எழுதிக்கொண்டது.

எனக்கு ஒன்னைய மாதிரி எழுத வராது, பேசுற மாதிரிதான் எழுதுவேன். நீ அடிச்சது தெரிஞ்சது. நான் அன்புன்னு எழுதவே இல்ல, அதுனால அடிக்கிற வேலையும் இல்ல.

அத்தைக்காரி பிள்ளைக்கு மருந்து ஊத்தக் கூடாதா? பேர் வைக்கிறப்ப மடியில போட்டுக்கிட்டது யாரு? காதுல மூணு தரம் பேரைச் சொன்னது யாரு? எங்காத்தா செத்தப்ப ஒன் புருசன் மாரிசெல்வம் இடுப்புல இருந்த பிள்ளை. அவனுக்கு உரைமருந்து உரசி ஊத்தி வளத்தவ நானு. வசம்பு, சுக்கு, ஜாதிக்கா, கடுக்கான்னு கல்லுல உரசி உரசி என் விரலு தேஞ்சது. எம் புருசன் போன பெறகும் அந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான் தைலக்கடை போட்டு நிமிந்தேன். அவனுக்கு ஒரு வலிப்பும் வரல.

இப்ப எல்லாச் சரக்கும் தைலமா வருது. குமுளிக்கு மேல மலையாளத்துக்காரக அண்டாவுல போட்டு வடிச்சுத் தாராக. உரசுற நேரத்துக்கு ஒரு சொட்டு விட்டா வேலை முடிஞ்சது. உரசி ஊத்துனா மருந்து, சொட்டா ஊத்துனா வெசமா? எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கான்?

பிள்ளை இருமுறப்ப நீ என்ன செஞ்ச? லைப்ரரி புஸ்தகம் ஒரு கையில, பிள்ளை ஒரு கையில. ரெண்டுல எது நழுவுனாலும் நீ புஸ்தகத்தத்தான் புடிப்ப.

எந்த டாக்டருக்கும் நான் எழுத மாட்டேன். கம்பத்துல பாதி வீட்டுல என் கடைச் சீசா இருக்கு. இன்னைக்கு ஒனக்கு ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கு எவ பிள்ளைக்குக் காச்சல் வந்தாலும் என் வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவா. ஒங்க ரத்தத்துல இருக்கத என் சீசாவுல தேடாத.

மொக்கம்மாள்

---

ஓடைப்பட்டி,
22.2.1999

மதினிக்கு,

கடிதத்துக்கு நன்றி. கொடுக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டதில் பாதி பதில் வந்துவிட்டது.

எந்தப் புத்தகத்தில் என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் தேவையில்லை. அண்டா நிறைய இலையை அமுக்கி அடைத்து வடித்தால் ஒரு சின்ன சீசாதான் கிடைக்கும் என்று உங்களுக்கு வடித்துத் தரும் மலைக்காரர் நம் வீட்டில் காப்பி குடித்தபடி சொன்னார், நீங்களும் தலையாட்டினீர்கள். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் வருவது ஒரு துளிச் சாந்து. ஒரு சொட்டுத் தைலத்துக்குள் எத்தனை கை இலை இருக்கிறது என்று கடை வைத்திருக்கும் நீங்களே கணக்குப் போடுங்கள். இன்னொன்றும் உண்டு. உரசிய சாந்து பாலில் கலக்கும். தைலம் கலக்காது, சங்கில் பாலுக்கு மேலே மிதக்கும். முதல் மடக்கிலேயே மொத்தமும் அவள் தொண்டைக்குள் போயிருக்கும்.

ஒரு வருடம் உங்கள் கடையில் நானும் சீசா நிரப்பினேன். இருமல் டானிக் காலிச் சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, அவற்றில் ஊற்றி விற்றோம். டானிக் சீசாவில் இருப்பதைக் குடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஒரு நாள் புனல் சரிந்து கிராம்புத் தைலம் என் மணிக்கட்டில் கொட்டியது. "தண்ணி ஊத்தாத, தேங்காண்ணெயத் தடவித் தொடைச்சு எடு" என்று ஓடிவந்தீர்கள். தோல் சிவந்து உரிந்தது. பெரியவர்கள் தோலையே தைலம் உரிக்கும் என்று தெரிந்த கைதான் அதை ஒரு குழந்தையின் நாக்கில் விட்டது. இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நேற்று உங்கள் தம்பி வந்திருந்தார். நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"அக்கா என்ன சொன்னாக?"

"அக்கா ஒண்ணும் சொல்லல."

"சரி, நீங்க என்ன சொல்றீக?"

"அக்கா சொல்லாம நான் என்னத்தச் சொல்ல?"

பிறகு குழந்தையை மடியில் வாங்கினார். "ஏன் இப்படித் தொவண்டு கெடக்கா?" என்றார். "அதையும் அக்காகிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்.

இந்த மாதம் முடிவதற்குள் பதில் வராவிட்டால், குழந்தையோடு வந்து உங்கள் கடைப் படியில் உட்காருவேன். தைலம் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நானே பேசுவேன். எனக்கு எழுதத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம்.

யுவராணி

---

கம்பம்,
27.2.99

யுவராணிக்கு,

வா. வந்து உக்காரு. படியக் கழுவி வைக்கிறேன்.

வர்ற வெள்ளிக்கிழமை காலையில கடையத் தொறந்து, தெருவுல நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்தி, பிள்ளைக்கு ஊத்துன அதே சீசாவுல இருந்து நான் குடிக்கப் போறேன். பிள்ளைக்குச் சொட்டு, எனக்குக் கரண்டி. குடிச்சுப்புட்டு அன்னைக்குப் பூராவும் கல்லாவுல உக்காந்து யாவாரம் பாப்பேன். நான் அசையாம நின்னா நீ பொய்க்காரி. "எங்கப்பா குடும்பத்துல இருந்துதான் பிள்ளைக்கு இந்த நோய் வந்துச்சு"ன்னு அதே நாலு பேருக்கு முன்னால நீ ஒன் வாயால சொல்லணும்.

தம்பி வேணாங்கான். அவனுக்கு எப்பவும் பயம். எனக்கு இல்ல.

மொக்கம்மாள்

---

ஓடைப்பட்டி,
4.3.1999

மதினிக்கு,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. அதனால் சண்முகராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

குடிக்காதீர்கள்.

இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அசையாமல் நின்றால், உங்கள் உடம்புக்கும் அவள் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் அதில் தெரியும், டாக்டர் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் விழுந்தால், எனக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பார். இரண்டிலும் என் மகளுக்கு மாத்திரை நிற்காது. நான் கேட்டது பதில். உங்கள் வீரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நான் சொல்லி நீங்கள் கேட்டதில்லை என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். குடித்துவிட்டு மயக்கம் வந்தால், உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவையுங்கள். வாந்தி வரும்போது தைலம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுமாம். அது வயிற்றில் இருப்பதைவிட மோசம். வாயில் எதையும் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, சீசாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தைக்காக மதுரை டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

யுவராணி

---

கம்பம்,
26.3.99

யுவராணிக்கு,

ஒன் தம்பி கொண்டாந்த கடுதாசிய நான் பிரிக்கல. அவன் பாக்கவே சீசாவுக்கு அடியில வச்சேன். கூட்டம் நான் நெனச்சதுக்கு மேல இருந்துச்சு. பேக்கரி ராக்கப்பன் ஸ்டூல் கொண்டாந்து போட்டு உக்காந்துட்டான். "ஏக்கா, தொட்டுக்கிற ஊறுகா எதும் வேணுமா?"ங்கான். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சுக்கிட்டேதான் குடிச்சேன்.

தொண்ட எரிஞ்சுச்சு. "பாத்துக்கங்க, நிக்கிறேன்ல"ன்னு சொன்னேன். கல்லாவுல போயி உக்காந்தேன். ஒருத்திக்கு சாம்பிராணி பொட்டணம் கட்டுனேன், நூலு ரெண்டா தெரிஞ்சது. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். மிச்சத்த மத்தவக சொன்னாக. ஸ்டூல்ல உக்காந்திருந்தவன் மேலயே விழுந்தேனாம். கையும் காலும் இழுத்துக்கிட்டு, கண்ணு மேல சொருகி, வாயில நொரை. தம்பி சொம்புல உப்புத்தண்ணியக் கொண்டாந்து வாயத் தொறக்கப் பாத்திருக்கான். ஒன் தம்பிதான் "ஊத்தாதீக மாமா"ன்னு சொம்பத் தட்டிவிட்டு, சீசாவுக்கு அடியில கெடந்த கடுதாசியப் பிரிச்சு நடுத்தெருவுல சத்தம் போட்டுப் படிச்சானாம். ஒருக்களிச்சுப் போட்டு, சீசாவோட தூக்கிட்டுப் போயிருக்காக. அந்தத் தண்ணி உள்ள போயிருந்தா நான் இந்தக் கடுதாசி எழுத இருந்திருக்க மாட்டேன்னு ஆஸ்பத்திரியில சொன்னாக. ஒன் எழுத்தால பொழச்சேன்னு தெருவே சொல்லுது. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரு தம்பிய கூப்பிட்டு, "இவங்க குடும்பத்துல யாருக்காச்சும் வலிப்பு உண்டா?"ன்னு கேட்டாராம். எங்க குடும்பத்துல கெடையாதுன்னு தம்பி சொல்லியிருக்கான். சொல்லிட்டு அங்கனயே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டானாம்.

நீ கேட்டத எழுதிக்க. யூகலிப்டஸ் தைலத்துல பச்சைக் கற்பூரத்தக் கரைச்சது. நெஞ்சுச் சளிக்குன்னு நானே கலக்குறது. மொதத் தடவ அஞ்சாறு சொட்டு, சங்குப் பால்ல. ரெண்டாந் தடவ கூடக் கொஞ்சம், எண்ணல. ரெண்டு தடவையும் சங்கைக் கழுவிக் கவுத்துறதுக்குள்ள இழுத்துருச்சு. ஆஸ்பத்திரி சீட்டையும் இதோட வச்சிருக்கேன். எல்லாத்தையும் அந்த டாக்டருகிட்டக் காமி.

ஒனக்குச் சந்தோசமா இருக்கும். இருந்துக்க.

மொக்கம்மாள்

---

ஓடைப்பட்டி,
3.5.1999

மதினிக்கு,

டாக்டர் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். தலையில் ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. இது நோய் இல்லை என்றார். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாதாம், வாரம் வாரம் குறைத்து, போன வாரத்தோடு நிறுத்தியாகிவிட்டது. நேற்று கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். கயல்விழி திரும்பிப் பார்த்தாள். என்னைக் காணாமல் அழுதாள். அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் விழுந்த செய்தியை என் தம்பி வந்து சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன். மீதித் துணியையும் மடித்து முடித்தேன். எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. இதை எழுதுவது நன்றாக இல்லைதான், ஆனால் உங்களிடம் வேறு மாதிரி எழுதினால் பொய்யாக இருக்கும்.

உங்கள் தம்பி வந்து கம்பத்துக்குக் கூப்பிட்டார். வருகிறேன், மூன்று காரியம் நடந்தால். டானிக் சீசாவில் ஊற்றி விற்பது நிற்க வேண்டும். வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு தைலச் சீசாவும் இருக்கக் கூடாது. கடையில் ஒவ்வொரு சீசாவிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். என்ன அச்சடிப்பது என்று நீங்கள் தேட வேண்டாம், நானே எழுதித் தருகிறேன்:

'மேலே தடவ மட்டும், குடிக்கக் கூடாது. அப்படியே தடவாமல் ஒரு கரண்டி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ ஓரிரு சொட்டுக் கலந்து தடவவும். கைக்குழந்தைகளுக்கு வாயிலும் மூக்கிலும் மார்பிலும் வைக்கக் கூடாது. கண்ணில் படக் கூடாது. சீக்கிரம் தீப்பற்றும், அடுப்புக்கும் சாம்பிராணித் தணலுக்கும் அருகே வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும். தவறி விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல், சீசாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்.'

இனி என் மகளுக்குத் தும்மல் வந்தாலும் மருந்து கொடுப்பது நான்தான். அத்தை முறை, உரிமை, எதுவும் அதில் செல்லாது. சம்மதமென்றால் எழுதுங்கள்.

யுவராணி

---

கம்பம்,
20.6.99

யுவராணிக்கு,

சீட்டு அச்சடிச்சாச்சு. மஞ்சத் தாளு, செவப்பு எழுத்து. "நல்லா இருக்கேக்கா, யாரு எழுதுனது?"ன்னு அச்சாபீசுல கேட்டான். நான்தான்னு சொன்னேன். டானிக் சீசாவையெல்லாம் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டேன். அலமாரியக் கழுவிப் பருப்பு டப்பா அடுக்கியிருக்கு. கைப்பிள்ளைக்குன்னு எவ கேட்டு வந்தாலும் இல்லன்னு அனுப்பிருறேன். நேத்து ஒருத்தி சீட்டப் படிச்சுப்புட்டு, "இம்புட்டு ஆபத்தானத எதுக்குக்கா விக்கிறீக?"ங்கா. "அருவாளும்தான் விக்கிறாக, அத வச்சுத் தல சீவுவியா?"ன்னு கேட்டேன். வாங்கிட்டுத்தான் போனா.

நீ சொன்ன மூணும் முடிஞ்சது. ஆனாலும் நீ வர வேணாம்.

கோவத்துல சொல்லல. கோவம் இருக்கு, அது வேற. நீ இங்கன வந்தா, பிள்ளை லேசா முகத்தச் சுழிச்சாக்கூட நீ மொதல்ல என் கையப் பாப்ப. நீ பாக்குறியான்னு நான் ஒன் கண்ணப் பாப்பேன். பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு அப்படி ஒரு வீட்டுல என்னால இருக்க முடியாது. நீ சொன்னது சரின்னு நாலு பேருக்கு முன்னால ஆகிப்போச்சு. சரியாச் சொன்னவளுக்கு நித்தமும் சோறு பரிமாற எனக்கு மனசு இல்ல.

தம்பிய ஒங்கிட்ட அனுப்புறேன். ஒரு வாரத்துக்கு இல்ல, ஒரேயடியா. ஒங்கப்பாவுக்கு மூட்டு முடியலைன்னு எழுதுன, தோட்டத்த அவன் பாக்கட்டும். மருந்து அடிக்கிற வேலைய மட்டும் அவங்கிட்டக் குடுக்காத, தும்மியே சாவான். நான் போகச் சொன்னப்ப, "நீ தனியா எப்படிக்கா இருப்ப?"ன்னு கேட்டான். நீ பெறக்கிறதுக்கு முந்தி நான் இல்லாமலா இருந்தேன்னு சொல்லி அனுப்புறேன். அவன் இப்ப உள்ள உக்காந்து பெட்டியக் கட்டுறான். மூணு நாளா அதே பெட்டியத்தான் கட்டுறான்.

பிள்ளை பெருசாகி அத்தை எங்கன்னு கேட்டா, கம்பத்துல கடை வச்சிருக்கான்னு சொல்லு. காட்டுறதுக்குக் கூட்டியாராத. இதுக்குப் பதிலும் போடாத.

அவன் நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வாரான். இங்கன சாப்பிட மாட்டேங்கான். நீயாச்சும் எதையாவது ஆக்கி வை.

மொக்கம்மாள்